கண்ணுக்குள் போடும் ஊசியும் குற்றாலச் சாரலும்

கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர் மறுநாள் காலை கண்ணாடி முன் நின்றால் முதலில் திடுக்கிட வைப்பது வெள்ளைவிழியில் படர்ந்திருக்கும் ரத்தச் சிவப்பு. வீட்டில் எல்லோரும் கூடிவிடுவார்கள். "கண்ணு போச்சே, இனி ஊசியே வேண்டாம்" என்று பேச்சு எழும். உண்மையில் இந்த ஊசியின் பக்கவிளைவுகளில் மிகவும் சாதுவானது அதுதான். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் ஊசி பட்டுக் கசிந்திருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகிக் கரைந்துபோகும். பார்வைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. அஞ்ச வேண்டியது வேறொன்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கண்ணில் வலி மெல்ல ஏறும், பார்வை மங்கும். சிவப்பு பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுவார்கள். அந்த ஓர் இரவு கண்ணையே கொண்டுபோய்விடக் கூடும். பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்து, ஓடவேண்டிய நேரத்தில் காத்திருக்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கம் மாறவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தென்காசி வட்டாரத்தில் இந்த ஊசி இப்போது அபூர்வமான சங்கதி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாதபோது விழித்திரையின் நுண்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியான மேகுலாவில் தேங்கி அதை வீங்க வைக்கிறது. சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு இடம் அது. எழுத்தைப் படிப்பதும், எதிரே வருபவர் முகத்தை அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்த இடத்தின் வேலை. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். இலையை அளவாக வெட்டுவது முதல் நூல் கட்டுவது வரை எல்லாமே கிட்டப் பார்க்கும் வேலை. மேகுலா வீங்கினால் அவர்களுடைய அன்றாட வருமானம் நின்றுபோகும். விழித்திரைச் சிரை அடைத்துக்கொண்டவர்களுக்கும், முதுமையில் மேகுலாவுக்கு அடியில் புதுக்குழாய்கள் முளைத்துக் கசிபவர்களுக்கும் இதே ஊசிதான் மருந்து.

இதற்காகப் பலரும் போவது திருநெல்வேலிக்கு. 1988 முதல் அங்கே இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை ஒன்று. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மற்றொன்று. தென்காசியிலிருந்து சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ போய், ஊசி போட்டுக்கொண்டு, பொழுது சாயும் முன் வீடு வந்துவிடலாம். ஆகவே பக்கவிளைவு எதுவானாலும் அது தலைகாட்டும் இடம் நோயாளியின் வீடுதான், மருத்துவமனை அல்ல. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்ல அப்போது பக்கத்தில் மருத்துவர் இருக்கமாட்டார்.

ஊசி வழியாகப் போகும் மருந்து என்ன செய்கிறது? ரத்தம் போதாமல் தவிக்கும் திசு, புதுக்குழாய்களை வளரச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. விழித்திரையில் அப்படி ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று 1948-லேயே ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். 1971-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மன், புற்றுநோய்க் கட்டிகளும் புது ரத்தக்குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று எழுதினார். 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து வி.ஈ.ஜி.எஃப் என்று பெயரிட்டார்கள். அது குழாய்களை வளர்ப்பதோடு நிற்பதில்லை. இருக்கும் குழாய்களின் சுவரையும் நெகிழ்த்திக் கசிய வைக்கிறது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் ஆகிய மருந்துகள் இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. பின்னால் வந்த ஃபாரிசிமாப் இதோடு இன்னொரு புரதத்தையும் சேர்த்து முடக்குகிறது. கசிவு நின்றால் வீக்கம் வடியும், எழுத்து தெளியும்.

மருந்தை மாத்திரையாகவோ கையில் ஊசியாகவோ கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பு முழுக்கச் சுற்றிவந்து விழித்திரைக்குப் போதிய அளவு மருந்து சேரவேண்டுமானால் உடம்புக்கு ஏகப்பட்ட மருந்து தேவைப்படும். விழிக்குள்ளேயே வைத்தால் 0.05 மில்லி போதும். விழியின் உட்புறத்தை நிரப்பியிருப்பது நுங்கு போன்று தெளிந்த, ஆடும் கூழ். அதன் அளவு சுமார் நான்கு மில்லி. கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஊசி இறங்குகிறது. அந்த இடத்தில் விழித்திரையும் இல்லை, லென்ஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இயற்கை விட்டுவைத்த குறுகிய பாதை அது. ஊசியின் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர். மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டபின் நோயாளிக்குத் தெரிவது ஓர் அழுத்தம். அதுவும் சில நொடிகள்.

மருந்து உள்ளே போன உடனே மருத்துவர் விரலைக் காட்டி "இது எத்தனை?" என்று கேட்பதைப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். நிறைந்திருக்கும் விழிக்குள் இன்னும் கொஞ்சம் திரவம் புகுந்ததும் உள்ளழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அரிதாக அது விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையே அமுக்கிவிடும். அப்போது பார்வை இருண்டுபோகும். அப்படியானால் உடனே அழுத்தத்தை இறக்கவேண்டும். விரல் தெரிகிறது என்று நீங்கள் சொல்லும் பதில் ரத்தம் ஓடுகிறது என்பதற்கான சான்று. பெரும்பாலோருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தம் தானாக இறங்கிவிடும். ஏற்கனவே கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்கள் அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

அன்று சாயங்காலம் கண்ணில் மண் விழுந்ததுபோல அறுக்கும், எரியும், நீர் வடியும். இதற்கு மருந்தைக் குறை சொல்வார்கள். எரிச்சலுக்குக் காரணம் கிருமி கொல்ல விட்ட போவிடோன் அயோடின். விழியின் மேற்பரப்பை அது சற்றே காயவைத்துவிடும், மறுநாள் சரியாகிவிடும். எரிகிறது என்பதற்காக அயோடின் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தொற்றைத் தடுக்கும் முறைகளில் உறுதியான சான்று இருப்பது அயோடினுக்குத்தான். ஊசிக்குப் பிறகு நாள்கணக்கில் விடும் ஆன்டிபயாடிக் சொட்டுக்கு அப்படி ஒரு சான்று கிடையாது. திரும்பத் திரும்ப விட்டால் இமைக் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போவதும் உண்டு.

இன்னொன்று கருப்பு உருண்டை. "கண்ணுக்குள் ஏதோ ஓடுது டாக்டர், கீழே கிடந்து ஆடுது" என்பார்கள். மருந்தோடு உள்ளே போன காற்றுக்குமிழி அது. குமிழி எப்போதும் மேலேதானே போகும், ஏன் கீழே தெரிகிறது? விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது. மேலே மிதக்கும் பொருளின் நிழல் மேல் விழித்திரையில் விழ, மூளை அதைக் கீழே இருப்பதாகப் படிக்கிறது. ஒன்றிரண்டு நாளில் குமிழி கரைந்துவிடும். மாதக்கணக்கில் போகாத உருண்டைகளும் உண்டு. சில வகை சிரிஞ்சுகளில், குறிப்பாக இன்சுலின் சிரிஞ்சுகளில், உள்குழாய் வழுக்கிச் செல்ல சிலிக்கோன் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். சிரிஞ்சைத் தட்டிக் குமிழி நீக்கும்போது எண்ணெய்த் துளி மருந்தோடு கலந்து விழிக்குள் போய்விடுகிறது. பார்வை கெடாது. ஆனால் வெளிச்சத்தில் பார்க்கும்போதெல்லாம் கண்முன் ஓடித் தொல்லை கொடுக்கும். இது நோயாளியின் மனப்பிரமை இல்லை, சிரிஞ்சின் குறை. எண்ணெய் தடவாத சிரிஞ்சைத் தேர்ந்தெடுத்தால் தவிர்க்கக்கூடியது.

இனி, ஓடவேண்டிய விஷயம். விழிக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதை எண்டாஃப்தால்மைட்டிஸ் என்கிறார்கள். விழியின் கூழில் ரத்தக்குழாய்கள் இல்லை. வெள்ளை அணுக்கள் ஓடிவந்து சேர வழி நீளம். உடம்பின் வேறெந்த இடத்தில் புகுந்தாலும் விழுங்கப்பட்டிருக்கும் ஒரு சில கிருமிகள் இங்கே தடையின்றிப் பெருகும். பெரிய ஆய்வுகளில் இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் இது வருகிறது. ஒரே ஊசியோடு முடிந்தால் சின்ன எண்தான். ஆனால் நீரிழிவு வீக்கத்துக்கு முதல் ஆண்டில் ஒன்பது பத்து ஊசி தேவைப்படுவதுண்டு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. பத்து ஊசி போட்டுக்கொண்டவருக்கு மொத்த ஆபத்து இருநூறு, முந்நூறில் ஒன்று என்ற இடத்துக்கு வந்துவிடும். எட்டு ஊசி நல்லபடியாகப் போனது என்பதற்காக ஒன்பதாவதில் கவனம் குறையக் கூடாது.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமை விளிம்பிலிருந்து. அங்கே சும்மா குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள் ஊசியோடு உள்ளே இழுக்கப்படுகின்றன. இன்னொரு வழி வாய். எச்சிலில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் பேசும்போது தெறித்து ஊசி முனையில் படக்கூடும். இந்தக் கிருமியால் வரும் தொற்று மிக மோசமானது. கண்ணைக் காப்பாற்றினாலும் பார்வையைக் காப்பாற்றுவது கடினம். அதனால்தான் ஊசி போடும்போது மருத்துவரும் செவிலியரும் முகக்கவசம் அணிகிறார்கள், பேச்சை நிறுத்துகிறார்கள். மேசையில் படுத்தபடி பயத்தில் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்வது நோயாளி தன் கண்ணுக்குத் தானே செய்துகொள்ளும் பாதுகாப்பு.

தொற்றின் அடையாளங்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெரியும். முதல் நாள் எரிச்சல் மறுநாள் குறைந்துகொண்டே வரவேண்டும். குறைந்தது திரும்பி ஏறினால், நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால், வெளிச்சம் பட்டாலே கூசினால், அன்றைக்கே கிளம்பவேண்டும். மருத்துவர்கள் விழிக்கூழில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளை விழிக்குள்ளேயே செலுத்துவார்கள். தேவைப்பட்டால் கெட்டுப்போன கூழையே அறுவைசிகிச்சையில் அகற்றுவார்கள். இதில் மணிக்கணக்கு முக்கியம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் செங்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து எப்படி வருவது என்று யோசிப்பார்கள். வாடகைக் கார் பிடித்தாவது வாருங்கள் என்றுதான் சொல்வேன். காருக்குக் கொடுக்கும் பணம் பெரிய பணம்தான். கண் அதைவிடப் பெரியது.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் பிறந்து சாரல் விழத்தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களைக் குற்றாலத்திலிருந்து பிரிக்க முடியாது. வெளியூரிலிருந்து உறவினர் வந்துவிடுவார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நிற்பது காலங்காலமான பழக்கம். பேரருவியின் நீர் பொங்குமாகடலில் விழுந்து வேகம் தணிந்துதான் இறங்குகிறது என்றாலும் தலையில் அடிக்கும் அடி லேசானதல்ல. எண்ணெயும் சீயக்காயும் தண்ணீரும் கலந்து கண்ணுக்குள் இறங்கும், கை தானாகக் கண்ணைக் கசக்கும்.

நேர்மையாகச் சொல்வதானால், ஊசித் தொற்றுக்குப் பெரும்பாலான நேரம் தண்ணீர் காரணமில்லை. கிருமி ஊசி போடும் நேரத்திலேயே உள்ளே போயிருக்கும். ஆனாலும் அருவிக்குப் போகாதீர்கள் என்று மருத்துவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஊசி போன துளை சிறியது, பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். சில சமயம் விழிக்கூழின் இழை ஒன்று துளையில் சிக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே உள்ளது அதன் வழியாக உள்ளே ஊறக்கூடும். அயோடினும் மரக்க வைக்கும் சொட்டும் கருவிழியின் மேற்தோலைச் சற்றுச் சிராய்த்திருக்கும். காட்டின் இலைச்சருகிலும் மண்ணிலும் ஊறிவரும் ஆற்றுநீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், சூடோமோனாஸ் பாக்டீரியா, அகாந்தமீபா என்ற அமீபா போன்றவை நன்னீரில் சாதாரணமாக வாழ்பவை. சிராய்ப்புள்ள கருவிழியில் இவை புண்ணை உண்டாக்கினால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், கழுத்துக்குக் கீழே குளித்துக்கொண்டு, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

சீசனுக்காக ஊசியை ஒரு மாதம் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சாரல் ஆகஸ்ட் வரை இருக்கும். குளியலை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அருவி எங்கும் போய்விடாது. கார்த்திகையில் இன்னொரு நெருக்கடி வரும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் காலையும் மாலையும் தலைக்குக் குளிப்பார்கள். விரதத்தை விடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மாலை போடும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் அதற்கு ஏற்ப ஊசித் தேதியை அமைக்கலாம். இந்தப் பக்கத்து மருத்துவர்கள் சர்க்கரை அளவைக் கேட்பதுபோல இதையும் தாங்களாகவே கேட்டால் இன்னும் நல்லது.

கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டி மெடிக்கல் ஷாப்பில் சொட்டு வாங்கி விடுவதும், தாய்ப்பால் விடுவதும், விளக்கெண்ணெய் விடுவதும், நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டுவதும் இன்னும் நடக்கிறது. ஊசி போட்ட கண்ணில் இவற்றில் எதையும் செய்யக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் சில நாள் அடங்கும், உள்ளே தொற்று முற்றும். உண்மையிலேயே மெட்ராஸ் ஐ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளவேண்டும்.

மருந்தின் கதையிலும் ஒரு பக்கவிளைவு ஒளிந்திருக்கிறது. பெவாசிசுமாப், அதாவது அவாஸ்டின், 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. 2005-ல் மயாமி நகரத்துக் கண் மருத்துவர் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதில் ஒரு துளியை விழிக்குள் செலுத்திப் பார்த்தார், வீக்கம் வடிந்தது. கண்ணுக்கென்றே அதே நிறுவனம் உருவாக்கிய ரானிபிசுமாப் 2006-ல் வந்தபோது அதன் விலை பல மடங்கு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க அரசின் ஆய்வு 2011-ல் வெளியானது. முதுமை மேகுலா நோயில் இரண்டும் பார்வையை ஒரே அளவுக்குக் காத்தன. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் கண்ணுக்கான பெவாசிசுமாப்பை இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

புற்றுநோய்க்காக வரும் சிறிய குப்பியில் நான்கு மில்லி இருக்கும், நூறு மில்லிகிராம் மருந்து. ஒரு கண்ணுக்கு வேண்டியது 1.25 மில்லிகிராம். ஒரு குப்பியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால்தான் ஏழைக்குக் கட்டுப்படியாகும். பங்கிடும் அந்த மேசையில்தான் ஆபத்து. சுத்தமான அறையில், காற்று வடிகட்டும் கருவிக்குக் கீழே, பயிற்சி பெற்றவர் பிரிக்காவிட்டால் ஒரு கிருமி ஒரே நாளில் பலருடைய கண்ணுக்குள் போய்ச் சேரும். போலிக் குப்பி வந்தாலும் அப்படியே. 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட பலருக்குக் கண் பாதிக்கப்பட்டதும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் கண்ணுக்கு அவாஸ்டின் போடவேண்டாம் என்று எச்சரிக்கை விடுத்தது. கண் மருத்துவர் சங்கங்கள் எடுத்துச் சொன்னபின் மார்ச்சில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023 செப்டம்பரில் பாகிஸ்தானின் லாகூர், கசூர் பகுதிகளில் இதே மருந்தைச் சரியாகப் பிரிக்காமல் விநியோகித்ததால் பல பேர் பார்வை இழந்தார்கள். பங்கிடுவதே தவறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதை நிறுத்தினால் பீடித் தட்டை நம்பி இருக்கும் பெண்ணுக்கு மருந்தே இல்லாமல் போகும். நிறுத்தவேண்டியது கண்ட இடத்தில் பங்கிடுவதை. "இது முழுக் குப்பியா, பிரித்ததா? எங்கே பிரித்தது?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அதைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார்.

மேகுலா வீக்கத்துக்குச் சிலருக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளின் வழி வேறு. டிரையாம்சினலோன் போட்டால் வெள்ளைத் துகள்கள் வாரக்கணக்கில் கண்முன் மிதக்கும். டெக்ஸாமெத்தசோனைச் சிறு குச்சியாக விழிக்குள் வைத்துவிடுவதும் உண்டு. அது சில மாதங்களில் தானே கரைந்துவிடும். இவற்றின் தொல்லைகள் முதல் வாரத்தில் தெரியாது. ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கண்ணழுத்தம் ஏறும், வலியே இருக்காது. கண்புரை அறுவை செய்யாதவர்களுக்குப் புரை வேகமாக முற்றும். ஆகவே ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சோதனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

கண்ணில் போட்ட மருந்து உடம்புக்குள்ளும் கொஞ்சம் கசிகிறது. ரானிபிசுமாப் ரத்தத்திலிருந்து விரைவில் வெளியேறிவிடும். பெவாசிசுமாப்பும் அஃப்லிபர்செப்டும் நாள்கணக்கில் தங்கும். பக்கவாதமோ மாரடைப்போ இதனால் கூடுகிறதா என்று பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். கூடுகிறது என்று திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. இருந்தாலும் அண்மையில் பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். கண் டாக்டரிடம் நெஞ்சுவலியைப் பற்றி எதற்குச் சொல்ல என்று நினைத்துவிடுகிறோம். சொல்லவேண்டிய இடம் அதுதான்.

விழித்திரை கிழிவதும் பிரிவதும் மிக அரிது. பக்கவாட்டில் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் ஒரே நேரத்தில் கூட்டமாகக் கொட்டுவது, ஓரத்திலிருந்து கருநிழல் ஏறிவருவது ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றிய நீரிழிவுக் கண்ணில் புதுக்குழாய்களோடு தழும்புத் திசுவும் வளர்ந்திருந்தால், ஊசிக்குப்பின் குழாய்கள் சுருங்கும்போது தழும்பு விழித்திரையைப் பிடித்து இழுத்துவிடுவதும் உண்டு. கிருமியே இல்லாமல் மருந்துக்கு எதிராக விழி அழற்சி கொள்வது இன்னொரு வகை. 2019 அக்டோபரில் அமெரிக்க அனுமதி பெற்ற புரோலுசிசுமாப் நீண்ட நாள் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நான்கே மாதத்தில், 2020 பிப்ரவரியில், விழித்திரை ரத்தக்குழாய்கள் அழற்சியில் அடைத்துக்கொள்வதாக அமெரிக்க விழித்திரை நிபுணர் சங்கம் எச்சரித்தது. பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டி வந்த மருந்திலும் அரிய பக்கவிளைவுகள் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய பிறகே வெளியே தெரிகின்றன. நோயாளி தனக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் அது பதிவாகும்.

இத்தனையும் படித்தபின் ஊசியே வேண்டாம் என்று தோன்றினால் அது தவறான கணக்கு. மேகுலா வீக்கத்தை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அங்குள்ள ஒளியுணர் செல்கள் அழிகின்றன. பிறகு எந்த மருந்தும் அவற்றைத் திரும்பக் கொடுக்காது. தொற்று வருவது ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில். தேவையான ஊசியைப் பாதியில் விட்டவருக்குப் பார்வை குறைவது அப்படி அரிதானதல்ல. சிவப்பைப் பார்த்துப் பயந்து ஊசியை விடுபவர்களும், கொஞ்சம் தெளிந்ததும் போதும் என்று நிறுத்துபவர்களும் இப்படித்தான் இழக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிலைக்கதவின் விளிம்பைப் பாருங்கள். சுரண்டைப் பக்கம் இருப்பவர்கள் காற்றாலைத் தூணைப் பார்க்கலாம். நேராக நிற்பது வளைந்து தெரிந்தால் வீக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். பிறகு மறு கண்ணையும் அப்படியே பாருங்கள். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போட்டு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டைத் தமிழில், பெரிய எழுத்தில் கொடுங்கள். பார்வை மங்கியவரின் கையில் பொடி எழுத்து ஆங்கிலத் தாளைத் திணிப்பதால் பயனில்லை. நோயாளிகளுக்கும் ஒன்று. எந்தக் கண், எந்த மருந்து, எந்தத் தேதி, இரவில் அழைக்கவேண்டிய எண் எது என்ற நான்கையும் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். அந்தத் தாளை வீட்டில் பார்வை நன்றாக உள்ள ஒருவர் கையில் கொடுத்துவையுங்கள். ஒரு வாரத்துக்குள் வலி ஏறினாலோ பார்வை இறங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.